மறு: ரிமோட்டைப் ‘பழக்குதல்’ – சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

பல கருவிகளுக்கு ஆகும் ரிமோட்டை நம் வீட்டுக் கருவிக்கு ஏற்ப அமைப்பதை, ஆங்கிலத்தில் ‘புரோகிராம்’ செய்வது என்பதை, தமிழில் எப்படிச் சொல்வது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். அதற்கு ஈப்போ ஐயா ‘நிரலாக்கம்’ என்று விடை தந்தார். சிரம்பான் அக்கா ‘கற்றல் முறை’ என்றார். “ரிமோட்டை ரிமோட் என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்?” என்று பினாங்குத் தம்பி கேட்டார். மூவருக்கும் சேர்த்தே இந்த மடல்.

இந்தச் சொல் எதற்காகத் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். கூடத்திலும் படுக்கையறையிலும் கூரை விசிறிகள். வேகத்தை மாற்றச் சுவரில் குமிழ் கிடையாது, ரிமோட் மட்டும்தான். கூடத்து விசிறியின் ரிமோட் கீழே விழுந்து உடைந்துவிட்டது. ரப்பர் வளையம் சுற்றினால்தான் அதில் மின்கலம் நிற்கிறது. அதனால் ஜாலான் பாசாரில், எல்லாக் கருவிகளுக்கும் ஆகும் என்று சொல்லி விற்ற ரிமோட் ஒன்றை வாங்கி வந்தேன். மின்கலம் மாற்றும்போது இவ்வகை ரிமோட்டுகள் சில தம் நினைவை இழந்துவிடும். நான் ஊரில் இல்லாத நாளில் அம்மாவே அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பெட்டிக்குள் இருந்த தாளில் ஆங்கிலமும் மலாயும் சீனமும் இருந்தன. அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். தமிழில் ஓர் அட்டை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டாம் வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

‘நிரலாக்கம்’ இங்கே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. கணினி நிரலை எழுதுபவர் கட்டளைகளை வரிசையாக அமைக்கிறார். அம்மா எந்தக் கட்டளையையும் அமைக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குகிறது என்பதற்காக நாமும் இரண்டையும் ஒன்றாகக் கட்ட வேண்டியதில்லை. மேலும், இந்த ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் செயல்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, தாளில் நிறுவனத்தின் பெயருக்கு நேரே இருக்கும் நான்கு இலக்க எண்ணை அழுத்துவது. இதற்குக் ‘குறியெண் இடுதல்’ போதும், விவாதத்துக்கு இடமில்லை. என் தாளில் தொலைக்காட்சிகளுக்குப் பக்கம் பக்கமாக எண்கள் இருந்தன; விசிறிக்கு ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது, ரிமோட் தன் நினைவில் உள்ள குறிகளை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே போவது. விசிறி எதற்கு அசைகிறதோ அங்கே நாம் நிறுத்த வேண்டும். இதைத் ‘தேடல்’ என்று பலர் எழுதினீர்கள். நான் ‘துழாவல்’ என்கிறேன். துழாவும்போது அகச்சிவப்பு ரிமோட் பேசும், கேட்காது. விசிறி பதில் எதுவும் அனுப்புவதில்லை. சரியான குறியைத் தொட்டுவிட்டோமா என்பது ரிமோட்டுக்குத் தெரியவே தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்குத்தான் தெரியும். விசிறியின் இறக்கை வேகம் மாறச் சில நொடிகள் ஆகும் என்பதால், விசிறியில் குறியை வாங்கிக்கொள்ளும் ஏற்பியிலிருந்து வரும் கீச்சொலிக்குத்தான் காது கொடுக்க வேண்டியிருக்கிறது. இருட்டில் பானைக்குள் கைவிட்டுத் துழாவுவது போன்ற வேலை அது.

மூன்றாவதுதான் இந்த விவாதத்தின் உயிர். பழைய ரிமோட்டையும் புதிய ரிமோட்டையும் மூக்கோடு மூக்காக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் வைக்கிறோம். புதியதில் ஒரு பொத்தானைத் தேர்ந்தெடுத்து, பழையதில் அதற்கு இணையான பொத்தானை அழுத்துகிறோம். சிவப்பு விளக்கு கண்சிமிட்டினால் வந்துவிட்டது. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். பெட்டிக்குள் இருந்த தாள் இதைக் ‘கற்பது’ என்று அழைக்கிறது. அக்கா, நீங்கள் அதைத்தான் தமிழாக்கினீர்கள். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பெயரே நடப்பதைச் சொல்லவில்லையே!

பழைய ரிமோட்டிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை துடிக்கும். ஜப்பானிய நிறுவனமான என்.இ.சி.யின் பெயரில் பரவலாக வழங்கும் குறிமுறையில் முதலில் 9 மில்லிநொடி ஒளி, அடுத்து 4.5 மில்லிநொடி மௌனம், அதன்பின் 32 துண்டு (பிட்) செய்தி. ஒவ்வொரு துண்டின் மௌனமும் நீண்டதா குறுகியதா என்பதே ஒன்றையும் சுழியத்தையும் பிரித்துக் காட்டுகிறது. புதிய ரிமோட் இந்த நீளங்களை அளந்து அப்படியே வைத்துக்கொள்கிறது. அது மூன்றாம் வேகமா, நிறுத்தமா என்பது அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதியவர்கள் சிலர் பாட்டின் பொருள் விளங்காமலே எழுத்தை மட்டும் பார்த்து எழுதினார்கள். அதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது, படியெடுத்தல். வெயில் நேராக விழும் இடத்தில் செய்தால் பிழையான படி வந்துவிடும் என்பதும் சுவடிக் கதையை ஒத்திருக்கிறது. மங்கிய ஓலையிலிருந்தும்தானே பாடபேதம், அதாவது ஒரே பாட்டுக்கு வேறுபட்ட வாசகங்கள், பிறந்தது. கணினியில் ‘நகலெடு’ ஏற்கெனவே ஊன்றிவிட்டதால் ‘படியெடு’ நமக்காகக் காலியாகவே இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: குறி படியெடுத்தல்.

மூன்றுக்கும் பொதுவான சொல்லை நான் ஆக்கவில்லை. நான் தரையில் அமர்ந்து இரண்டு ரிமோட்டுகளையும் எதிரெதிரே வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்: “புதுசைப் பழக்கிவிட்டாயா?” நான் தேடிக்கொண்டிருந்த சொல் அதுதான். ‘கற்றல்’ என்றால் கருவியே அறிவுடன் செய்வதாக ஆகிறது. ‘பழக்குதல்’ பிறவினை, செய்பவர் மனிதர். மாட்டை வண்டிக்குப் பழக்குகிறோம். மாடு சாலையின் பெயரை அறிந்திருக்க வேண்டியதில்லை. பொத்தானின் மேல் அச்சிடவும் ‘பழக்கு’ என்ற நான்கெழுத்து போதும்.

இனி, கருவியின் பெயர். ‘பொதுத் தொலையியக்கி’ என்று இருவர் எழுதினீர்கள். பொதுத் தொலைபேசி என்றால் மலேசியாவில் சாலையோரம் யாரும் பேசக்கூடியதாக இருந்த தொலைபேசி. அந்த வழக்கத்தில் வளர்ந்தவருக்குப் பொதுத் தொலையியக்கி ஊருக்கெல்லாம் சொந்தமானதாகவே ஒலிக்கும். ‘அனைத்துக் கருவித் தொலையியக்கி’ என்பதையும் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அது உண்மையில்லை. படுக்கையறை விசிறியிடம் என் புதிய ரிமோட் தோற்றுவிட்டது. கைப்பேசியின் படக்கருவி வழியாகப் பார்த்தால், கூடத்து ரிமோட்டின் முனையில் ஊதா நிறப் பொட்டு மின்னுகிறது. படுக்கையறை ரிமோட்டில் ஒன்றுமே இல்லை. (சில கைப்பேசிகளின் பின்பக்கப் படக்கருவி அகச்சிவப்பை வடிகட்டிவிடும், முன்பக்கத்தால் பாருங்கள்.) கையால் முனையை மூடினாலும் அந்த விசிறி கீழ்ப்படிகிறது. அது 433 மெகாஹெர்ட்ஸ் போன்ற வானொலி அலையில் பேசும் வகை. ஒளியைப் படியெடுக்கும் கருவிக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே ‘பல்கருவித் தொலையியக்கி’. பல்கலைக்கழகம், பல்பொருள் என்ற வரிசையில் இயல்பாக நிற்கிறது, பொய்யும் சொல்லவில்லை. இதைப் ‘பல்லியக்கி’ என்று சுருக்கலாம் என்றார் ஒருவர். படிக்கிறவரின் கண்ணில் பல்லிதான் முதலில் படும், வேண்டாம்.

பினாங்குத் தம்பிக்கு: பேச்சில் ரிமோட் இருக்கட்டும், இந்த மடலிலேயே நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். மலாய்க்காரர்களும் வீட்டில் ரிமோட் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பெட்டியின் மேல் ‘அலாட் கவாலான் ஜாவு’ (தொலைவுக் கட்டுப்பாட்டுக் கருவி) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. ரிமோட் என்ற ஒரு பெயரைக் கடன் வாங்கிவிடலாம், தம்பி. ஆனால் அம்மாவின் அட்டைக்கு வினைச்சொற்கள் அல்லவா வேண்டியிருந்தன?

அட்டையில் படியெடுக்கும் பகுதி இப்போது இப்படி இருக்கிறது: “சிவப்பு விளக்கு எரியும்வரை ‘பழக்கு’ப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவும். புதியதில் வேகம் 1 அழுத்தவும். பழையதை எதிரே வைத்து வேகம் 1 அழுத்தவும். விளக்கு மூன்று முறை சிமிட்டினால் படி எடுத்தாயிற்று. அடுத்த பொத்தானுக்குச் செல்லவும்.” பொத்தானின் மேலிருந்த ஆங்கிலத்தின்மீது வெள்ளைத் தாள் ஒட்டி, கையால் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா அட்டையைப் பார்த்தே ஐந்து பொத்தான்களையும் பழக்கிவிட்டார். ‘துழாவல்’ என்ற வரியில் மட்டும் நின்று, “எதைத் துழாவ?” என்று கேட்டார். அங்கே ‘குறி துழாவல்’ என்று முழுதாக எழுத வேண்டும் போலிருக்கிறது.

ஒன்று மீதமிருக்கிறது. வானொலி வகை விசிறிகள் சிலவற்றில், ரிமோட்டிலும் கூரைக்கருகில் உள்ள ஏற்பியிலும் மேலும் கீழும் தள்ளக்கூடிய நான்கு சிறு நெம்புகள் (டிப் சுவிட்சுகள்) இருக்கும். இரண்டிலும் ஒரே நிலையில் வைக்க வேண்டும். நான்குக்கு 16 நிலைகள்தான் என்பதால் அடுத்த வீட்டு ரிமோட்டுக்கு நம் விசிறி சுழல்வதும் உண்டு. இப்படிப் பொருத்துவதற்கு ‘இணைத்தல்’ என்றால் கம்பி இணைப்போடு குழம்புகிறது. ‘சோடி சேர்த்தல்’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. மின்பணியாளர் வெள்ளிக்கிழமை படுக்கையறை விசிறியைப் பார்க்க வருகிறார். அதற்குள் யாருக்காவது சொல் கிடைத்தால் எழுதுங்கள். அட்டையின் பின்பக்கத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து