பங்கு வீட்டில் ஒரு பங்கு இருப்பதால் முதியோர் உதவித்தொகை மறுக்கப்பட்டது: அடுத்து என்ன செய்வது?

வளவுவீட்டுப் பிள்ளை (கேள்வி):
வணக்கம். என் ஆத்தாவின் தங்கை, எங்களுக்குச் சின்னாத்தா, கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறார். வயது 64. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் பங்கு வீடு, பங்காளிகள் பலருக்கும் பொதுவானது. முகப்பில் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. ஆனால் அவர் புழங்குவது வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒட்டிய ஓர் அறையில்தான், மழை பெய்தால் அங்கும் ஒழுகலுக்குப் பித்தளை அண்டாவை நகர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது. விசேஷ வீடுகளுக்குத் தேன்குழலும் அதிரசமும் செய்து கொடுத்துப் பிழைத்தவருக்கு இப்போது கை நடுங்குகிறது.

இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தோம். ‘சொத்து உள்ளது’ என்ற ஒரே வரியோடு நிராகரித்துவிட்டார்கள். விசாரிக்க வந்தவர் முகப்பைத் தாண்டி உள்ளே வரவில்லை. இனி வழி உண்டா?

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்:
தம்பி, வழி உண்டு. 60 வயது நிறைந்து ஆதரவற்ற நிலையில் இருப்பவருக்கு உரிய உதவி இது. 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். சொத்தே இருக்கக் கூடாது என்று விதி சொல்லவில்லை, நிலையான சொத்தின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாய்க்கு மிகக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆகவே வீடு எவ்வளவு பெரியது என்பதை விட்டுவிட்டு, அதில் சின்னாத்தாவின் பங்கு எவ்வளவு பெறும் என்பதைக் காட்டுங்கள். நம் பக்கத்து வீடுகளில் பட்டா இன்னும் பாட்டையா பெயரிலேயே இருக்கும். அந்தப் பட்டா நகல், வீட்டு வரி ரசீது, வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் சேர்த்து, பங்காளிகள் எத்தனை பேர் என்பதை எழுதுங்கள். மனைக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பங்கை மட்டும் மறைக்காதீர்கள். பின்னால் தெரிய வந்தால் கிடைத்த உதவியும் நின்றுபோகும்.

உதவித்தொகை மனுவை முடிவு செய்யும் தனி வட்டாட்சியரின் முடிவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். வீட்டை உள்ளே வந்து பார்க்குமாறு மனுவிலேயே கேளுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
நாள் கடத்த வேண்டாம். 60 ஆனதும் இது தானாக வருவதில்லை, கேட்டால்தான் வரும். கேட்காமல் போன மாதங்களுக்கு நிலுவையும் கிடைக்காது. ஆதரவற்ற விதவையர் உதவித்தொகைக்கு 60 வரை காத்திருக்க வேண்டியதே இல்லை என்பதைச் சின்னாத்தாவுக்கு அப்போது யாரும் சொல்லாமல் போனது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. மகளிர் உரிமைத் தொகை வந்துகொண்டிருந்தால் அதையும் மனுவில் சொல்லிவிடுங்கள்.

விசாரணை அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எதை அளந்து ‘சொத்து’ என்று எழுதினார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம்.

வளவுவீட்டுப் பிள்ளை:
இருவருக்கும் நன்றி. கணக்குப் பார்த்தோம். ஒன்பது பங்காளிகள், சின்னாத்தாவின் கணவரான சித்தப்பாவின் பங்கிலும் அவருடைய தம்பிமார் இருவர் உண்டு. ஆக 27இல் ஒன்று. மனை 9,600 சதுர அடி, வழிகாட்டி மதிப்பு அடிக்கு 200 ரூபாய். சின்னாத்தாவின் பங்கு 71,111 ரூபாய் வருகிறது.

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்:
இது மனைக்கு மட்டும், தம்பி. கட்டடத்துக்கும் மதிப்புப் போடுவார்கள். ஆகவே ஒழுகும் கூரையையும் விரிசல் விட்ட சுவரையும் படம் எடுத்து இணைத்து, மற்ற பங்காளிகள் சம்மதிக்காமல் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது என்பதையும், அந்தப் பங்கிலிருந்து ஒரு ரூபாய் வருமானமும் இல்லை என்பதையும் தெளிவாக எழுதுங்கள்.

வளவுவீட்டுப் பிள்ளை:
அப்படியே எழுதி இன்று கொடுத்துவிட்டோம். ஒப்புகைச் சீட்டைச் சின்னாத்தா நான்காக மடித்து, வங்கிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.