பின் பம்பர் மாற்றியவங்க அனுபவத்தைச் சொல்லுங்க (சேலம், ஏற்காடு வண்டிகள்)

நாகலூர் தார்:

பின் பம்பர் மாற்றப் போகிறேன் என்று யார் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "தகடு எத்தனை எம்எம்?" கடைக்காரரும் அதைச் சொல்லித்தான் விற்கிறார். மூணு எம்எம் பத்தாது, அஞ்சு போடுங்க, ஆயுசுக்கும் அசையாது என்பார். எஸ்டேட் பாதையில் தினமும் மஹிந்திரா தார் ஜீப் ஓட்டுகிறவன் நான். இங்கே தகடு கிழிந்த பம்பரைப் பார்ப்பது அபூர்வம். பிடிமானம் விட்டுப்போனவைதான் அதிகம். அதை விவரமாக எழுதுகிறேன். உங்கள் வண்டியில் நடந்ததையும் எழுதுங்க.

போன மழைக்காலத்தில் நாகலூர் தாண்டி ஒரு எஸ்டேட்டுக்குள் உர மூட்டை ஏற்றிய பிக்கப் சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. இழுக்க வந்தது பக்கத்து எஸ்டேட் தார். புதிதாக மாட்டிய அஞ்சு எம்எம் பம்பர், கறுப்பு பவுடர் கோட்டிங், ஷாக்கிள் (இழுவைக் கயிறு கோக்கும் இரும்பு வளையம்) மாட்ட இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட கனமான இரும்புக் காது. கயிறு இறுகியது. இரண்டாவது இழுப்பில் 'டொக்' என்று ஒரு சத்தம். காதுக்கும் தகட்டுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பம்பரின் வலது பக்கம் மட்டும் நாலு விரல் வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அசல் பிளாஸ்டிக் பம்பரைத் தாங்கிய ஓட்டைகளிலேயே இந்த இரும்பையும் மாட்டியிருந்தார்கள். பம்பரை வண்டியோடு இணைக்கும் பிராக்கெட்டில் போல்ட் போகும் ஓட்டை முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தது. அதை ஒட்டி வெல்டிங் ஓரமாகத் தலைமுடி அளவு ஒரு விரிசல். விரிசலிலிருந்து துருத் தண்ணீர் ஒழுகிக் காய்ந்த பழுப்புக் கோடு கீழ் வரைக்கும் இறங்கியிருந்தது. அன்றைக்கு விழுந்த விரிசலாக இருந்தால் இரும்பு வெள்ளையாகப் பளபளக்கும். இது பல வாரமாகத் திறந்து கிடந்திருக்கிறது. கல் பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, பாரம் வந்த நாளில் விட்டுவிட்டது. கயிற்றுக்குப் பின்னால் யாரும் நிற்காதது அன்றைக்குப் பெரிய புண்ணியம்.

பம்பரில் கொடுக்கும் இழுவை, வண்டியின் அடிச்சட்டமான சேஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் நேராகப் போய்ச் சேரணும். பிராக்கெட் சட்டத்தின் முனையில் மட்டும் ஒட்டி நின்றால் அது நடக்காது. சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளமாவது ஓடி, பக்கத்துக்கு மூன்று நான்கு போல்ட்டில் நிற்கணும். அப்படி நின்றால் இழுவை போல்ட்டைப் பிடுங்காது, பாரம் எல்லா போல்ட்டுக்கும் பிரிந்து போகும். இன்னொன்று, சேஸ் சட்டம் உள்ளே கூடு. போல்ட்டை ஓங்கி முறுக்கினால் இரண்டு சுவரும் உள்வாங்கிக்கொள்ளும், இறுக்கம் நிற்காது. உள்ளே சரியான நீளத்துக்குக் குழாய் வெட்டி ஸ்லீவாக வைத்த பிறகுதான் முறுக்கணும். பம்பர் எடுக்கப் போகிறவர்கள் கடையில் வெளிப்பக்கத்தைப் பார்த்து நேரத்தைச் செலவழிக்காமல், திருப்பிப் போட்டு இதைத்தான் பார்க்கணும். சேஸ்மேல் நேராக வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்க.

எடையும் சும்மா இல்லை. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு எம்எம் தடிமனுக்கு, 7.85 கிலோ. பம்பருக்கு முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல் தகடு போகும். மூணு எம்எம் என்றால் கிட்டத்தட்ட 19 கிலோ, அஞ்சு என்றால் 31. பிராக்கெட், காது, ஸ்டெப்னி தாங்கி எல்லாம் சேர்ந்தால் 50 கிலோவை எட்டிவிடும். தாரின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், 2,450 எம்எம். பின் அச்சுக்கு முக்கால் மீட்டர் பின்னால் 50 கிலோவைத் தொங்கவிட்டால் பின் அச்சில் 65 கிலோ ஏறும், முன் அச்சில் 15 கிலோ குறையும். ஏற்காடு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது எடை ஏற்கெனவே பின்னால்தான் சாய்ந்திருக்கும். அங்கே முன் சக்கரம் இன்னும் இலேசாவது நல்லதில்லை. ராத்திரியில் ஹெட்லைட்டும் தூக்கிக்கொண்டு எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

என் வண்டியில் மூணு எம்எம் தகடுதான். பிராக்கெட் மட்டும் எட்டு எம்எம். அந்த மழைக்குப் பிறகும் இழுவை வேலை நிறைய பார்த்தாயிற்று, ஓட்டைகள் இன்னும் வட்டமாகவே இருக்கின்றன.

கன்னங்குறிச்சி ஜிப்ஸி:

அண்ணா சொன்னது அத்தனையும் சரி. என்னோடது மாருதி ஜிப்ஸி. நான் ஸ்டெப்னி தாங்கியைப் பற்றிச் சொல்றேன். பெரிய டயர் போட்டதும் பேக் டோர் கீல் தாங்காதுன்னு பம்பர்லயே கதவு மாதிரி திறக்கிற தாங்கி வச்சவங்க நிறைய பேர் இருக்கோம். என்னுது முதல்ல வெறும் குழாய்க்குள்ள கம்பி சுத்துற கீல். குப்பனூர் வழியா ஏற்காடு ஏறி இறங்கி ஒரு சீசன் முடியறதுக்குள்ள கீல் தேய்ஞ்சு, டயர் ஒரு பக்கம் சாய ஆரம்பிச்சுடுச்சு. பள்ளத்துல இறங்கினா 'கடகட'ன்னு சத்தம். பிள்ளைங்க பின்னாடி தூங்கவே முடியாது.

அப்புறம் லேத்துல கொடுத்து, தடிமனான ஸ்பிண்டில் (கீல் சுத்துற தண்டு), மேலயும் கீழயும் டேப்பர் ரோலர் பேரிங், கிரீஸ் நிப்பிள்னு மாத்தினேன். பூட்டுற பக்கத்துல ரப்பர் தாங்கல் வச்சு, டயரோட பாரம் கொக்கியில விழாம பம்பர்மேல உக்கார்ற மாதிரி செஞ்சோம். அதுக்கப்புறம் சத்தமே இல்லை. திறந்தா நிக்கிறதுக்கு ஒரு லாக் கட்டாயம் வேணும். சரிவுல நிறுத்தி டிக்கி திறந்தப்போ தாங்கி தானா வந்து மூடி, என் மச்சான் கையில நல்ல அடி.

பின்னாடி பட்டை ஸ்பிரிங்குக்கு ஒரு தகடு கூடுதலா போட வேண்டி வந்தது. அந்தச் செலவையும் பம்பர் கணக்குலயே சேர்த்துக்கங்க.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

நம்ம தொழில் வெல்டிங். வர்றவங்கள்ல பாதிப் பேர் "எவர்சில்வர்ல போட்டுக் கொடுங்க, துருப் பிடிக்காது"ன்னு கேக்கறாங்க. சேலம் உருக்காலையிலயே எவர்சில்வர் வருது, அதனால ஊர்க்காரங்களுக்கு அதுமேல ஒரு பிரியம். எவர்சில்வர்ல 304ங்கிற ரகம்னா துரு சுலபமா வராது, ஆனா விலை எங்கேயோ போகும், வெல்டிங்கும் பக்குவமா வைக்கணும். விலை குறைச்சலா வர்ற 202 ரகத்துல நிக்கல் கம்மி. மழை, சேறு, வெல்டிங் ஓரம் மூணும் சேர்ந்தா அதுலயும் பழுப்பு ஏறும். சாதா இரும்பை ஒழுங்கா செஞ்சாலே போதும்னு சொல்லித்தான் அனுப்பறேன்.

ஆனா போல்ட்டை மட்டும் எவர்சில்வர்ல போடாதீங்க. கடையில சாதாரணமா கிடைக்கிற எவர்சில்வர் போல்ட்டுல ஏ2-70னு இருக்கும். இழுத்தா அறுந்துபோகாம தாங்குற அதோட பலம் 700 மெகாபாஸ்கல். கறுப்பு போல்ட் தலையில 10.9னு பொறிச்சிருந்தா 1,000. 8.8னா 800. தலையில எண்ணே இல்லாத போல்ட்டை பம்பருக்குத் தொடவே கூடாது.

துரு வெளியிலிருந்து வருதுன்னு நினைச்சுக்கறாங்க. பம்பர் பெட்டி மாதிரி மூடியிருந்தா உள்ளேயிருந்துதான் அரிக்கும். பவுடர் கோட்டிங் 180, 200 டிகிரி சூட்டுல அழகா வெந்து வரும், ஆனா பெட்டிக்குள்ள பொடி போய்ச் சேராது. செம்மண் சேறு உள்ள புகுந்து ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அடியில ரெண்டு மூலையிலயும் விரல் போற அளவு ஓட்டை வைக்கச் சொல்லுங்க. கழுவும்போது அது வழியா தண்ணி அடிச்சு, காஞ்சதும் உள்ள மெழுகு ஸ்ப்ரே விடுங்க.

ஷாக்கிள் காதைத் தகட்டுமேல ஒட்டி வெல்டு வச்சா பிடுங்கிட்டு வரும். தகட்டை வெட்டி, காதை உள்ள செருகி, முன்னும் பின்னும் வெல்டு ஓட்டி, பின்னால பிராக்கெட்டோட சேர்க்கணும். முக்கால் இன்ச் ஷாக்கிளுக்கு 4.75 டன்னு போட்டிருப்பாங்க. அதை மாட்டற இடமும் அந்த அளவுக்கு நிக்கணும் இல்லையா? டிரெய்லர் இழுக்கிற உருண்டையில கயிறு மாட்டிச் சேத்துல இருந்து இழுக்கவே இழுக்காதீங்க. அது உடைஞ்சா குண்டு மாதிரி பறக்கும்.

அஸ்தம்பட்டி புதுசு:

அண்ணா, ஒரு சந்தேகம். நான் பெரும்பாலும் டவுன்லதான் ஓட்டறேன், மாசத்துல ஒரு தடவை ஏற்காடு. இரும்பு பம்பர் மாட்டினா போலீஸ் பிடிக்குமா? ரிவர்ஸ் சென்சார் என்ன ஆகும்?

நாகலூர் தார்:

தம்பி, உன் உபயோகத்துக்கு அசல் பம்பரே போதும். மனதாரச் சொல்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே எல்லா மாநிலத்துக்கும் எழுதிவிட்டது: கிராஷ் கார்டு, புல் பார் என்கிற இரும்புத் தடுப்புகளை மாட்டுவது, வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று. அந்தப் பிரிவு முன்பக்கத்துக்கு மட்டும் உள்ளதில்லை. அனுமதி இல்லாத எந்த மாற்றத்துக்கும் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு பொருந்தும். ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டும். ஐந்து ரோட்டில் இரும்பு பம்பரோடு நிற்கிற வண்டி இந்தக் கணக்கில்தான் வரும். இன்சூரன்ஸ் கிளெய்மிலும் கேள்வி வரும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பின்னால் ஒருத்தர் வந்து இடித்தால் அசல் பம்பர் நசுங்கி அடியை வாங்கும். இறுக்கமான இரும்பு அப்படியே சேஸுக்கு அனுப்பும், இடித்தவர் வண்டிக்கும் சேதம் அதிகம். எஸ்டேட்டுக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு அந்தக் கணக்கு வேறு. அங்கேயும் போல்ட்டைக் கழற்றினால் பழையபடி வரும்படிதான் செய்யணும். அசல் பம்பரைத் தூக்கிப் போடாதீங்க.

சென்சாருக்குத் தகட்டில் ஓட்டை போட்டு ரப்பர் வளையத்தோடு பொருத்தலாம். உயரமும் கோணமும் பழையபடி அமையாவிட்டால் தரையைப் பார்த்தே கத்தும். நம்பர் பிளேட் விளக்கை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. ராத்திரியில் 15 மீட்டரிலிருந்து எண் தெரியணும் என்பது விதி.

வெள்ளக்கடை மிளகு:

கோணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தாருக்குப் பின்பக்கக் கோணம், அதாவது பின்பகுதி தரையில் உரசாமல் இறங்கக்கூடிய அதிகபட்சச் சரிவு, 36.8 டிகிரி என்று கம்பெனி சொல்கிறது. பம்பர் மாட்டிய பிறகு எவ்வளவு மிச்சம் என்று எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். நானே அளந்தேன். பின் டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் நூலை வைத்து, டயரை உரசியபடி பம்பரின் அடி விளிம்புக்கு இழுத்துப் பிடித்து, போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப்பை நூலோடு ஒட்டி வைத்தால் கோணம் வந்துவிடும். பழசையும் புதுசையும் அளந்து பாருங்க. எங்கள் தோட்டத்தில் பாறைப் படி இறங்கும் இடம் ஒன்று உண்டு. அசல் பம்பரோடு உரசாமல் இறங்கிய வண்டி, பட்டையான இரும்பு பம்பர் மாட்டியதும் ஒவ்வொரு தடவையும் அடி வாங்கியது. ஓரங்களை மேல் நோக்கிச் சரித்து வெட்டிய மாடல் எடுத்ததும் தொல்லை தீர்ந்தது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம். தோட்டப் பாதையில் வண்டிக்கும் காபிச் செடிக்கும் நடுவே தலைச்சுமையோடு பெண்கள் நடக்கிறார்கள். கூர்மையாக வெட்டிய பம்பர் மூலையில் முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொண்ட ஒரு அம்மாவை நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். மூலைகளை வளைத்துச் செய்யச் சொல்லுங்க, விளிம்பை மழுங்க அரைக்கச் சொல்லுங்க. பம்பர் மட்கார்டுக்கு வெளியே நீட்டவே கூடாது.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

நல்லா சொன்னீங்க. மூலைக்குக் குழாயை வளைச்சு வச்சா செலவு கொஞ்சம்தான் கூடும். கேட்டா யாரும் செஞ்சு கொடுப்பாங்க.

அஸ்தம்பட்டி புதுசு:

சரிங்கண்ணா, அசலையே வச்சுக்கறேன். எங்க மாமாவோட எஸ்டேட் தாருக்கு ஏற்கெனவே மாட்டியிருக்கு. அதுல என்ன பார்க்கணும்?

நாகலூர் தார்:

முதலில் பிராக்கெட்டைக் கழுவித் துடைத்து, வெல்டிங் ஓரங்களில் பழுப்புக் கோடு இருக்கிறதா பார். பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இறுக்கி, போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரைக்கும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போடு. அடுத்த தடவை மலை இறங்கி வந்ததும் கோடு ஒடிந்திருந்தால் அந்த போல்ட் தளர்ந்திருக்கிறது. அதே போல்ட் திரும்பத் திரும்பத் தளர்ந்தால் ஓட்டை வாய் விரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்த வண்டியில் கயிறு மாட்ட விடாதே. கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போ.