முதல் டிராக் டேக்கு டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமா, கூடாதா?

சோழவரத்தான்:
சென்ற வாரம் இங்கே 'முழுவிசை' என்னும் அன்பர் ஓர் அருள்வாக்கு அருளியிருந்தார். டிராக் டேக்கு, அதாவது சொந்த வண்டியைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு முதன்முறையாக வரும் எவரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே நான்கு டயரிலும் 6 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) காற்றை இறக்கிவிட வேண்டுமாம். இறக்காதவர் டிராக் பக்கமே வரத் தகுதியற்றவராம். அதற்கு 40 பேர் விருப்பக்குறி இட்டிருப்பதைக் கண்டபின் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். அதில் டயர் அழுத்தம் 33 என்று வண்டி செய்தவர்கள் அச்சிட்டிருப்பது அழகுக்காக அல்ல. அதை 27 ஆக்கிக்கொண்டு, பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்ரீபெரும்புதூர் வரை ஓட்டி வா என்று ஒரு புதியவருக்குச் சொல்வது எந்த ஊர் நியாயம்? காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் உருளும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக மடங்கும், மடங்க மடங்கச் சூடேறும், அந்தச் சூட்டோடு டிராக்கில் இறங்கினால் டயரின் தோள்பட்டை ஒரே காலையில் மழுங்கிவிடும். புதியவர் செய்ய வேண்டிய வேலைகள் வேறு: பிரேக் ஆயிலை மாற்றுவது, பிரேக் பேடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துச் சரிபார்ப்பது, ஸ்டெப்னி, ஜாக்கி முதல் டாஷ்போர்டுப் பிள்ளையார் வரை எல்லாவற்றையும் வண்டியிலிருந்து இறக்குவது. காற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். 33 என்றால் 33.

முழுவிசை:
என் பெயரில் ஓர் இழையே தொடங்கிய பெருந்தன்மைக்கு நன்றி. அன்பருக்குக் கணக்கு வராது என்பது இங்கே பழைய உறுப்பினர்கள் அறிந்ததே, ஆயினும் சொல்கிறேன். காலை 30 டிகிரி வெப்பத்தில் 33 வைத்த டயர், நான்கைந்து சுற்று ஓடி உள்காற்று 70 டிகிரியைத் தொட்டால் 39-ஐத் தாண்டிவிடும். அந்த அழுத்தத்தில் டயரின் நடுப்பகுதி உப்பிக்கொண்டு, இரு ஓரங்களும் தரையைப் பாதி மனதோடு தொட்டுக்கொண்டிருக்கும். முன்சக்கர இழுவை வண்டியில் வளைவுக்குள் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு வெளிப்பக்கமாகவே ஓடும். புதியவர் பதறி இன்னும் திருப்புவார், வண்டி இன்னும் ஓடும், பிறகு புல்லில் இறங்கிப் புழுதி கிளப்புவார். அதே டயரில் 27 வைத்தால் அதே சூட்டில் ஏறக்குறைய 33-க்கு வந்து நிற்கும். ஆகவே ஸ்டிக்கரை மதிப்பவன் நானே. காற்றைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

முதல்சுற்று:
இருவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் முதன்முறையாக டிராக் டேக்குப் பதிவு செய்திருக்கிறேன். வண்டி ஐந்து வயதான 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். காற்று விஷயம் ஓரளவு புரிந்தது, அல்லது புரியவில்லை. ஓட்டுநர் பக்க ஃப்ளோர் மேட்டை எடுத்துவிட வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா? ஹெல்மெட் பைக்குக்கு வாங்கியது போதுமா?

சோழவரத்தான்:
முதல்சுற்றுத் தம்பி, பொறுங்கள், உங்களிடம் வருகிறேன். 27 வைத்தால் 33-க்கு வரும் என்கிறாரே, எப்போது வரும்? முதல் சுற்றிலா? டயர் சூடேறும்வரை அந்தப் பிள்ளை 27-இல்தானே ஓட்டிக்கொண்டிருப்பார்? பழகியவன் நான்கு சுற்றில் ஏற்றும் சூட்டை, வளைவுக்கு 100 மீட்டர் முன்பே பிரேக்கில் கால் வைத்துவிடும் புதியவர் எட்டுச் சுற்றிலும் ஏற்றமாட்டார். ஒருவேளை 70 டிகிரி வரவே இல்லையென்றால், நாள் முழுவதும் தொளதொள டயரில் வளைந்துவிட்டு 'என் வண்டிக்கு வளைவு வராது' என்று வீட்டுக்குப் போய் எழுதுவார். ஸ்டிக்கரில் உள்ளது 33. நிறுவனம் 33 என்கிறது, அன்பர் 27 என்கிறார். யாரை நம்புவது என்பதைப் படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

பாய்லர்:
நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன், டிராக்கில் ஓட்டியதில்லை. ஒரே ஒரு கேள்வி. ஸ்டிக்கரில் உள்ள 33 என்பது வண்டி சில மணி நேரம் நின்று குளிர்ந்திருக்கும்போது அளக்கும் அழுத்தம். ஒருவர் அந்தக் குளிர்ந்த 33-ஐப் பற்றிப் பேசுகிறார். மற்றவர் ஓடிச் சூடான 33-ஐப் பற்றிப் பேசுகிறார். இரண்டும் ஒரே எண்ணாக இருப்பதால்தானே இத்தனை குழப்பம்? எந்த 33 என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடுமே.

முழுவிசை:
ஐயா, வகுப்பறையில் குளிர்ந்த 33, சூடான 33 என்றெல்லாம் இருக்கலாம். டிராக்கில் ஒட்டுகிற டயர், ஒட்டாத டயர் என்று இரண்டுதான் உண்டு. குறைத்தால் ஒட்டும்.

சோழவரத்தான்:
வாத்தியார் ஐயாவுக்கு: 33-க்கு விளக்கவுரை தேவையில்லை. 33 என்றால் 33.

நைட்ரஜன் நாதன்:
நீங்கள் அனைவரும் ஏன் இப்படி அல்லல்படுகிறீர்கள் என்று தெரியவில்லை. நான் பங்கில் நைட்ரஜன் நிரப்புகிறேன். சூடேறினாலும் அழுத்தம் ஏறவே ஏறாது. பிரச்சினை முடிந்தது.

பாய்லர்:
நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூடேறினால் எந்த வாயுவும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அழுத்தம் கூட்டும். பங்க் கம்ப்ரசர் காற்றில் ஈரம் இருக்கும், நைட்ரஜனில் இராது. அந்த வேறுபாடு மட்டுமே உண்டு. 'ஏறவே ஏறாது' என்பதற்கு இயற்பியல் விதியில் இடமில்லை.

நைட்ரஜன் நாதன்:
டிராக்கில் ஓட்டியதில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு இதில் உங்களுக்கு என்ன பேச்சு?

சோழவரத்தான்:
நைட்ரஜனோ ஆக்சிஜனோ, எதை நிரப்பினாலும் 33 நிரப்புங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் டிராக் வருவதற்கு முன், சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே இதைப் பார்த்து வருகிறவன் நான். சிமென்ட் ஓடுபாதையில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவு அமைத்த நாட்களில் யாரும் 6 பி.எஸ்.ஐ. குறைத்துக்கொண்டு வந்ததில்லை. இன்று ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு மறுநாள் ஆசான் ஆகிவிடுகிறார்கள். மேலும், டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர் பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிப் பழசானால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் 205-இலிருந்து 140. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. மிதி கல்போல் இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு வெந்துவிட்டது என்று பொருள். இவ்விரண்டையும் பிரித்து அறியத் தெரியாத ஒருவர் பிறருக்குக் காற்று இறக்கச் சொல்லித் தருகிறார். ஓட்டி முடித்து வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுக்கக் கூடாது, கியரில் போட்டுச் சக்கரத்துக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்பதையாவது சொன்னாரா? இல்லை.

முழுவிசை:
பிரேக் ஆயிலை மாற்றக் கூடாது என்று நான் எங்கே எழுதினேன்? பேச்சை மாற்றுவது அன்பரின் பழைய வழக்கம். அது கிடக்கட்டும், சோழவரம், சோழவரம் என்கிறாரே, அங்கே இவர் எந்த வண்டியை ஓட்டினார் என்று ஒருமுறையாவது சொன்னதுண்டா?

சோழவரத்தான்:
ஓட்டினேன் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. பார்த்தேன் என்றேன். என் தந்தையார் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். தோளிலிருந்து பார்த்தவனுக்குத் தெரிந்த அளவுகூடச் சிலருக்குச் சீட்டில் உட்கார்ந்தும் தெரியவில்லை என்பதே என் வருத்தம்.

வெள்ளைப் பாலிஷ்:
கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் சில முறை ஓட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 27-உம் வேண்டாம், 33-உம் வேண்டாம், டயரையே கேட்டுவிடலாம். பக்கச்சுவரும் ஓடுபரப்பும் சேரும் தோள்பட்டையில் பல டயர்களில் சிறிய முக்கோணக் குறி ஒன்று இருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் கேன்வாஸ் ஷூவுக்குப் போடுகிற வெள்ளைப் பாலிஷை அந்த இடத்தில் குறுக்காக விரல் அகலத்துக்குப் பூசிவிட்டு ஐந்து சுற்று ஓட்டி வந்து பாருங்கள். வெள்ளை முக்கோணத்தின் முனையோடு அழிந்திருந்தால் அழுத்தம் சரி. அதையும் தாண்டிப் பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் கவிழ்ந்து ஓடுகிறது, காற்று போதவில்லை. முக்கோணத்துக்கு மேலே, ஓடுபரப்புப் பக்கத்திலேயே வெள்ளை மிச்சம் இருந்தால் காற்று அதிகம். நான் முதல்முறை 32-இல் இறங்கினேன். திரும்பி வந்தபோது முன் டயர்களில் முக்கோணத்துக்கு மேல் அரை விரல் வெள்ளை அப்படியே இருந்தது, பின் டயர்களிலோ பாலிஷ் காயக்கூட இல்லாததுபோல் பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு முறையும் 2 பி.எஸ்.ஐ. மட்டும் இறக்கினேன். முக்கியமானது, வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்ப ஏற்றிவிட்டேன்.

முழுவிசை:
பார்த்தீர்களா? இவரும் குறைத்திருக்கிறார்.

சோழவரத்தான்:
பார்த்தீர்களா? வீட்டிலிருந்து குறைத்துக்கொண்டு போகவில்லை. திரும்ப ஏற்றியும் இருக்கிறார். இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முழுவிசை:
முதல் பதிவில் 'காற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்' என்று இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டாம்.

வெள்ளைப் பாலிஷ்:
நான் இருவரையும் ஆதரித்து எழுதவில்லை.

காப்பீட்டுக் கண்ணன்:
டயர் இருக்கட்டும். உங்கள் இன்சூரன்ஸ் பத்திரத்தில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியை யாராவது படித்தீர்களா? ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் ஓடும் வண்டிக்கு இழப்பீடு கிடையாது என்று தெளிவாக எழுதியிருப்பார்கள். தடுப்பில் மோதினால் செலவு முழுவதும் சொந்தக் கைக்காசுதான்.

நைட்ரஜன் நாதன்:
டிராக் டே பந்தயம் அல்லவே. நேரம் அளப்பதில்லை, பரிசு இல்லை, முந்துவதுகூட முன்னால் போகிறவர் கைகாட்டினால்தான்.

காப்பீட்டுக் கண்ணன்:
வேகச் சோதனை என்ற சொல்லையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். வாசித்துவிட்டு விவாதிப்பது நலம்.

சோழவரத்தான்:
27 வைத்து ஓட்டினால் தடுப்பில் மோதும் வாய்ப்பு கூடும் என்பதால் இதுவும் என் கருத்துக்கே வலுச் சேர்க்கிறது.

முதல்சுற்று:
மன்னிக்கவும், ஃப்ளோர் மேட்?

வெள்ளைப் பாலிஷ்:
எடுத்துவிடுங்கள் நண்பரே. பிரேக்கை அழுத்தும்போது மேட் நழுவி மிதிக்கு அடியில் சுருண்டால் ஆபத்து. மெல்லிய அடியுள்ள ஷூ, முழுக்கைப் பருத்திச் சட்டை, நிறையத் தண்ணீர். ஹெல்மெட் பற்றி நடத்துபவர்களிடமே கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தரம் கேட்பார்கள். காலையில் ஓட்டுநர்களுக்கு நடத்தும் விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்: மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, வேகம் குறை, முந்தாதே, நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி, வண்டியை ஆறவிட்டு உள்ளே வாருங்கள்.

முதல்சுற்று:
மிக்க நன்றி அண்ணா. அப்படியானால் காற்றை எவ்வளவில் தொடங்கட்டும்?

சோழவரத்தான்:
33.

முழுவிசை:
27.

பாய்லர்:
குளிர்ந்ததா, சூடானதா என்று தயவுசெய்து யாராவது எழுதுங்கள்.

சோழவரத்தான்:
வாத்தியார் ஐயா, இது உங்களுக்குப் புரியாத பகை. அன்பர் முழுவிசையின் 27 எங்கிருந்து வந்தது என்பதை இதுவரை நாகரிகம் கருதிச் சொல்லாமல் இருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேடாக்கில் (டிராக்கை ஒட்டி வண்டிகள் நிற்கும் இடத்தில்) என் ஏர் கேஜை, அதாவது டயர் அழுத்தம் அளக்கும் கருவியை, ஐந்து நிமிடம் தாருங்கள் என்று வாங்கிச் சென்றவர், மாலை நாலரை மணிக்குத் திருப்பித் தந்தார். தந்தபோது வால்வில் பொருந்தும் நுனியில் இருந்த கறுப்பு ரப்பர் வளையத்தைக் காணவில்லை. அந்த வளையம் இல்லாமல் அழுத்தினால் ஓரத்தில் உஸ்ஸென்று காற்று கசியும், முள் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். இவர் அன்று 27 என்று படித்தது உண்மையில் 30-ஆகவோ 31-ஆகவோ இருந்திருக்கும். அதைத்தான் இன்றுவரை வேதவாக்காக ஊருக்கு ஓதிக்கொண்டிருக்கிறார்.

முழுவிசை:
வளையம் என் கைக்கு வரும்போதே இல்லை. அதை அன்றே சொன்னேன். 'பரவாயில்லை, அப்படித்தான் இருக்கும்' என்றவர் தாங்களே. தாங்கள் இன்றும் அதே கேஜைத்தானே வைத்திருக்கிறீர்கள்? அப்படியானால் இத்தனை நாளும் தாங்கள் 33, 33 என்று வைத்துவந்தது 36-ஆ, 37-ஆ? தங்கள் வண்டியின் மூக்கு ஒவ்வொரு வளைவிலும் வெளியே ஓடுவதை ஸ்டாண்டிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

சோழவரத்தான்:
புது வளையம் மறுவாரமே போட்டாயிற்று. 20 ரூபாய். அந்த 20 ரூபாயை இன்றுவரை யார் தந்தார்கள் என்று அன்பரையே சொல்லச் சொல்லுங்கள்.