இரட்டைக் காபரேற்றர் லிங்கேஜ்: ஐட்லிங் ஒரே இடத்தில் நிற்கவில்லை, கால் வைத்தால் வெட்டுகிறது

பரந்தன் மைனர்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1098 சிசி எஞ்சினுடன் மொறிஸ் மைனர். ஹெட்டைச் சீவிக் கொம்பிறெஷன் கூட்டி, கேம் மாற்றி, பழைய ஒற்றைக் காபரேற்றரைக் கழற்றிவிட்டு எஸ்யூ கொம்பனியின் ஒன்றேகால் அங்குல எச்எஸ்2 காபரேற்றர் இரண்டு போட்டிருக்கிறேன். இரண்டும் பாவித்தவை, மனிஃபோல்டோடு சேர்த்து வாங்கினேன். 3000 ஆர்பிஎம்முக்கு மேலே போனால் இழுவை அருமை, பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வீதியில் திரும்பினால் மூன்றாம் கியரிலேயே போய்க்கொண்டிருக்கலாம் போல இருக்கும். பிரச்சினை கீழேதான். சந்தியில் நிறுத்தினால் ஒரு தடவை 800இல் நிற்கிறது, அடுத்த தடவை 1500இல் தொங்கிக்கொண்டு இறங்க மறுக்கிறது. எக்சிலேற்றரில் மெல்லக் கால் வைத்தால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு பாயும். மாடு குறுக்கே வரும் ஒழுங்கையில் இப்படி ஓட்ட முடியாது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் 1ம் 2ம் சிலிண்டரில் கரி (பெற்றோல் கூட), 3ம் 4ம் வெள்ளை (பெற்றோல் குறைவு). இரண்டு காபரேற்றரையும் ஒன்றாகத் திறக்க நடுவில் இருக்கும் லிங்கேஜ் கம்பியை மூன்று நாளாகத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருக்கிறேன். சரியான முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா ஏசீரிஸ்:
அண்ணை, முதலில் அந்தக் கம்பியை விடுங்கள். ஐட்லிங்கைச் சரிக்கட்ட லிங்கேஜைத் தொட்டால் முடிவே வராது, நானும் அப்படி ஒரு கிழமை வீணாக்கியவன். லிங்கேஜ் கடைசி வேலை. கம்பியில் இருக்கும் இரண்டு கிளாம்பையும் தளர்த்தி, ஒரு காபரேற்றர் மற்றதை இழுக்காதபடி பிரித்துவிடுங்கள், கேபிளையும் கழற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஐட்லிங் ஸ்குறூவைப் பின்னுக்கு எடுத்து, பட்டர்பிளை (உள்ளே காற்றை மறிக்கும் வட்டத் தகடு) முழுக்க மூடுகிறதா என்று பார்த்து, ஸ்குறூ தொடும் இடத்தில் இருந்து இரண்டுக்கும் ஒரே அளவாக ஒரு சுற்று உள்ளே விடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு இரண்டடி றப்பர் ஓஸ் ஒன்றை எடுத்து ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைக் காபரேற்றர் வாயிலும் வைத்துக் கேளுங்கள். காற்று உள்ளே போகும் சீறல் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கூடச் சீறுவதைக் குறைத்து, குறையச் சீறுவதைக் கூட்டி, இடையில் ஆர்பிஎம்மையும் பார்த்துக்கொண்டு போங்கள். ஓஸை ஒவ்வொரு முறையும் வாயின் அதே இடத்தில் பிடியுங்கள், இடம் மாறினால் சத்தமும் மாறும்.

இன்னொன்று, சோக். எச்எஸ்2இல் சோக்கை இழுத்தால் ஜெட் (பெற்றோல் வரும் குழல்) கீழே இறங்கும், பெற்றோல் கூடும். சோக்கைத் தள்ளிய பிறகு இரண்டு ஜெட்டும் மேலே முழுக்கத் திரும்பி நட்டில் போய் உட்காருகிறதா என்று குனிந்து பாருங்கள். முன் காபரேற்றரில்தான் 1ம் 2ம் குடிக்கின்றன, பின்னதில் 3ம் 4ம். முன்னதன் ஜெட் கொஞ்சம் கீழே தொங்கினாலே அந்த இரண்டு பிளக்கும் கரி பிடிக்கும்.

மாங்குளம் பாஸ்:
தம்பி, மேலே சொன்னது சரி, ஆனால் 3ம் 4ம் வெள்ளையாக இருப்பதற்குச் சோக் காரணம் இல்லை. பின் காபரேற்றரின் திறோட்டில் ஸ்பின்டிலை, அதாவது பட்டர்பிளை பூட்டியிருக்கும் தண்டை, விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாரும். பாவித்த எஸ்யூவில் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், அதால் கள்ளக் காற்று போய்ப் பெற்றோலின் பங்கு குறையும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய்க் கானால் ஸ்பின்டிலின் இரண்டு நுனியிலும் எஞ்சின் ஒயில் சொட்டுச் சொட்டாக விடும். எண்ணெய் உள்ளே இழுபட்டு, எஞ்சின் சத்தம் மாறினால் கள்ளன் அங்கேதான். பெற்றோல் அடித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலை வேண்டாம், இந்த எஞ்சினில் எக்சோஸ்ட் அதே பக்கத்தில் காபரேற்றருக்குக் கீழேதான் கொதித்துக்கொண்டு கிடக்கிறது. தேய்ந்திருந்தால் புது ஸ்பின்டிலும் பித்தளை புஷ்ஷும் போடத்தான் வேண்டும். லேத்தில் இரண்டு ஓட்டையும் ஒரே கோட்டில் வரும்படி குடையத் தெரிந்தவரிடம் கொடும், கோணலாகப் போனால் பட்டர்பிளை இறுகும்.

அது முடிந்து, தம்பி சொன்ன மாதிரிச் சீறலும் சரிக்கட்டிய பிறகு மிக்ஸ்சர், காற்றும் பெற்றோலும் சேரும் அளவு. ஒரு காபரேற்றருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைக் கால் நூல் (அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு) அளவு மட்டும் தூக்கும். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட, ஜெட் நட்டை மேலே ஒரு பட்டை (நட்டின் ஆறு பக்கத்தில் ஒன்று) திருப்பும். எஞ்சின் விழுந்தால் பெற்றோல் குறைவு, கீழே ஒரு பட்டை. மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. ஒன்றை மாற்றினால் மற்றதையும் திரும்பப் பார்க்க வேண்டும், மனிஃபோல்டில் இரண்டையும் சேர்க்கிற குழாய் இருக்கிறது.

இப்போதுதான் லிங்கேஜ். காபரேற்றரின் நெம்பில் கெற்றப்போல் கவை மாதிரி இரண்டு கால் இருக்கும், நடுக் கம்பியின் நெம்பில் உள்ள ஊசி அந்தக் கவைக்குள் நிற்கும். கம்பியின் நிறுத்திக்கும் அது போய் முட்டும் இடத்துக்கும் இடையில் 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) தடிப்புள்ள பீலர் தகட்டை வையும். ஊசியைக் கவையின் கீழ்க்காலில் மெல்லத் தொடவைத்து கிளாம்பை இறுக்கும், அடுத்த பக்கமும் அப்படியே. பீலரை உருவினால் இரண்டு ஊசிக்கும் ஒரே இடைவெளி கிடைக்கும். இந்த இடைவெளிதான் உயிர். அது இல்லாவிட்டால் ஐட்லிங் ஸ்குறூவில் உட்கார வேண்டிய பட்டர்பிளையைக் கம்பி பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கும், உமக்கு 1500இல் தொங்குவது அதனால்தான். ஒரு பக்கம் கூடி மறு பக்கம் குறைந்தால் ஒன்று முதலில் திறக்கும், மற்றது பின்னால் ஓடிவரும். அந்த வெட்டு அதுதான்.

கேபிளைப் பூட்டியதும் ஒருவரைப் பெடலைத் தரையோடு மிதிக்கச் சொல்லி, எஞ்சினை நிறுத்தி வைத்து, ஃபில்டரைக் கழற்றி, விரலால் பிஸ்டனைத் தூக்கி உள்ளே பாரும். இரண்டு பட்டர்பிளையும் விளிம்பு மட்டும் தெரியும்படி கிடக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பின்டிலுக்கும் தனி ஸ்பிரிங் போடும்.

நாங்கள் தொண்ணூறுகளில் வன்னிக்குள் பெற்றோல் வராமல் இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மைனர் ஓட்டியவர்கள். சின்னப் போத்தலில் வைத்த பெற்றோலை ஊற்றி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு காபரேற்றரையே காது கொடுத்துக் கேட்டுக் கேட்டுத்தான் ஓட வைத்தோம். இரண்டு என்றாலும் வேலை அதேதான், அவசரப்படாமல் செய்யும்.

துணுக்காய் கிறவல்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கவையிலும் ஊசியிலும் கிறீஸ் பூச வேண்டாம். எங்கள் வீதிப் புழுதி அதில் ஒட்டி, இரண்டு மாதத்தில் அரைத்துவிடும். ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். பார்க்க வடிவு என்று ஃபில்டர் இல்லாமல் வெறும் வாயோடு ஓடவும் வேண்டாம்.

பரந்தன் மைனர்:
ஐயா, நீங்கள் சொன்னபடி எண்ணெய் விட்டுப் பார்த்தேன். பின் காபரேற்றரின் உட்புற நுனியில் விட்ட இரண்டாவது சொட்டு குமிழ் விட்டுக்கொண்டே உள்ளே போனது, எஞ்சின் ஒரு கணம் கனத்து மெதுவாகியது. வவுனியாவில் கொடுத்து புஷ் போட்டு வந்தேன். சோக்கும் வவுனியாத் தம்பி சொன்ன மாதிரியேதான், முன் ஜெட் முழுக்க ஏறவில்லை, கம்பி வளைந்திருந்தது. இரண்டையும் திருத்தி, பிரித்து வைத்துச் சீறலைச் சரிக்கட்டி, மிக்ஸ்சர் பார்த்து, கடைசியில் 12 தௌ வைத்து இறுக்கினேன். எல்லாம் சேர்த்து ஒரு பின்னேரம்தான். நேற்று முறிகண்டி வரை ஓடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, எஞ்சினை நிறுத்தாமலே கச்சான் வாங்கப் போனேன். திரும்பி வரும்வரை 950இல் ஆடாமல் நின்றது. 4ஆம் பிளக் இன்னும் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது, பின் ஜெட் நட்டை அரைப் பட்டை கீழே விட்டிருக்கிறேன், 100 கிலோமீற்றர் ஓடிவிட்டுத் திரும்பக் கழற்றிப் பார்க்கிறேன்.

மாங்குளம் பாஸ்:
காபரேற்றர் பிஸ்டன் சட்டென ஏறாமல் தடுக்கும் டாம்பர் எண்ணெயையும் பாரும், 20ஆம் நம்பர் ஒயில், இரண்டிலும் ஒரே அளவு. ஒன்று வற்றியிருந்தால் கால் வைக்கும்போது அந்தப் பக்கத்துப் பிஸ்டன் முந்தி ஏறிவிடும்.