தேயிலைக்குள் ரத்தத் துளிகள், கடமான் என்று நினைக்கிறேன். பின்னால் போகலாமா?

கொழுந்துக்காரன் (கோத்தகிரி பக்கம்), காலை 7.10

இன்று ஆறரை மணிக்குத் தேயிலைக்குப் போனேன். எங்களுடையது ஒன்றரை ஏக்கர்தான், கீழே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சோலை. போன மாதம் கவ்வாத்து வெட்டிய பகுதியைத் தாண்டும்போது தரையில் ரத்தம். யார் வீட்டுக் கோழியையோ நாய் இழுத்துப் போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் ஐந்தாறு அடிக்கு ஒரு துளி என்று கீழ்நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது, ஈர மண்ணில் குளம்புத் தடமும் தெரிந்தது. நீளம் நாலு விரற்கடை இருக்கும். காட்டெருமைக்கு இது சிறிது, பன்றி போலவும் இல்லை. இரவு இரண்டு மணி வாக்கில் சோலைப் பக்கம் கடமான் கத்தியதை அம்மா கேட்டிருக்கிறார்.

தடத்துக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு கோடும் இருக்கிறது, எதையோ இழுத்துப் போன மாதிரி.

டீக்கடையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு பையன்கள் "வா மாமா, தேடிப் பார்ப்போம், எப்படியும் சாகப் போகிற மான்தானே" என்று கிளம்ப நிற்கிறார்கள். அவர்கள் எதற்கு அவசரப்படுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஒரு மணி நேரத்தில் ரத்தமெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். நானே மெதுவாகப் போய் எங்கே படுத்திருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வரலாமா, அல்லது முதலில் ஃபாரஸ்டுக்குச் சொல்ல வேண்டுமா? சொன்னால் என் தலையிலேயே கட்டிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

சோலைக்குருவி, 7.25

போகாதீர்கள் தம்பி. வேட்டைத் தடுப்புக் காவலராகப் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்தவன் நான், அதனால் சொல்கிறேன். ரத்த வாடைக்குச் சிறுத்தை வரும், உங்கள் பக்கம் கரடி வேறு அதிகம், மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் நிற்கும் காட்டெருமைகூடக் கண்ணுக்குத் தெரியாது. அடிபட்ட கடமானையும் சாது என்று நினைக்காதீர்கள். நன்கு வளர்ந்த கிடாய் இருநூறு கிலோவைத் தாண்டும், ஓட வழியில்லாத இடத்தில் போய் நின்றால் கொம்பாலும் காலாலும் பதில் சொல்லும்.

முதலில் ரேஞ்ச் ஆபீசுக்குப் போன் போடுங்கள். நம்பர் தெரியாவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அங்கே சொன்னால் திருப்பி விடுவார்கள். அவர்கள் வரும்வரை உங்கள் தேயிலைக்குள் இருக்கிற தடத்தைக் காப்பாற்றி வையுங்கள், இப்போதைக்கு அதுதான் பெரிய உதவி. ரத்தத்தின் மேல் நடக்க வேண்டாம், ஓரமாக நடங்கள். ஒவ்வொரு துளிக்குப் பக்கத்திலும் தீப்பெட்டியோ நாணயமோ வைத்துப் படம் எடுங்கள். கடைசியாகப் பார்த்த துளிக்குப் பக்கத்துச் செடியில் துணி கட்டுங்கள், நல்ல தடம் இரண்டை வாளியால் கவிழ்த்து மூடிவிடுங்கள்.

இன்னும் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ரத்தம் என்ன நிறம், நுரை இருக்கிறதா? தேயிலை இலையில் பட்டிருந்தால் தரையிலிருந்து எத்தனை உயரத்தில்? அந்தக் கோடு நாலு காலுக்கும் நடுவில் வருகிறதா, ஒதுங்கிப் போகிறதா?

பண்ணைக்காட்டான் (இப்போது விஸ்கான்சின்), 7.50

பிறந்தது பழனி மலையில், பிழைப்பது அமெரிக்காவில். இங்கே செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை வில்லால் மான் வேட்டையாடும் சீசன், லைசென்ஸ் எடுத்து ஆறு வருடமாகப் போகிறேன். நம் ஊரில் இது ஜெயில் விஷயம் என்று தெரியும், அந்தச் சண்டையை யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம். தேடுகிற முறையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வில்லில் அடித்த மான் பெரும்பாலும் நின்ற இடத்தில் விழாது, முனையிலிருக்கிற பிளேடு வெட்டி ரத்தம் போய்த்தான் விழும். அதனால் அடிப்பதில் பாதி கவனம், தேடுவதில் பாதி கவனம்.

முதலில் அம்பைத் தேடிப் பார்ப்போம். இளஞ்சிவப்பாக நுரையோடு இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துப் போனால் பக்கத்திலேயே கிடக்கும். கறுத்த சிவப்பு என்றால் ஈரல், நாலு முதல் ஆறு மணி நேரம். பச்சையாக எதுவோ ஒட்டி நாற்றம் அடித்தால் குடல், அப்படியானால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு மறுநாள்தான் வர வேண்டும். குடலில் பட்ட மான் சும்மா விட்டால் நூறு இருநூறு கஜத்தில் எங்காவது படுத்துவிடும், தண்ணீருக்குப் பக்கத்தில் படுப்பதும் உண்டு. ஆள் வாடை பட்டதோ, எழுந்து ஓடும், அதற்குப் பிறகு ரத்தமும் சொட்டாது.

முதல் வருடம் எனக்கு நடந்தது இதுதான். அம்பை மோந்து பார்த்தேன், நாற்றம் வந்தது, புத்திக்குத் தெரிந்தது, கால் கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் மரத்திலிருந்து இறங்கிப் போனேன். முப்பதடி தூரத்தில் அது எழுந்து ஓடிய சத்தம் கேட்டது, உருவம்கூடத் தெரியவில்லை. இரண்டு நாள் தேடினேன், பக்கத்து நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டு அங்கேயும் (இங்கே கேட்காமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது), கயிற்றில் கட்டிய மோப்ப நாயோடு ஒருவரை வரவழைத்தும் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்த வருடம் அதற்கப்புறம் வில்லைத் தொடவில்லை.

உலர்ந்த சருகில் சிவப்புப் புள்ளி ரத்தமா இலைக்கறையா என்று குழம்பினால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு தெளியுங்கள், ரத்தம் என்றால் பொங்கும். துளி சிதறியிருக்கிற விதத்தில் போன திசையும் தெரியும், சின்ன வால் நீளும் பக்கம்தான் அது போன பக்கம்.

கொழுந்துக்காரன், 8.20

போன் செய்துவிட்டேன், ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். பையன்களிடம் ஃபாரஸ்டு வருகிறது என்றேன், டீயைக்கூட முடிக்காமல் போய்விட்டார்கள்.

அண்ணா கேட்டதற்கு: ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, நுரை இல்லை, நாற்றமும் இல்லை. மேலே தொடங்கிய இடத்தில் நிறைய, கீழே வரவரக் குறைகிறது. இலையில் பட்டிருப்பது முழங்காலுக்கும் கீழே, எல்லாமே ஒரே பக்கம். கோடு காலடிக்கு நடுவில் இல்லை. ஒதுங்கி, வளைந்து வளைந்து போகிறது, இரண்டு இடத்தில் தேயிலைத் தூரில் மோதிப் பட்டை உரிந்திருக்கிறது.

சோலைக்குருவி, 8.35

அப்படியானால் இது குண்டும் இல்லை, அவுட்டுக்காயும் (தீனிக்குள் வைக்கிற நாட்டு வெடி) இல்லை. அவுட்டுக்காயைக் கடித்திருந்தால் வாய் கிழிந்து எச்சிலும் ரத்தமும் கலந்து கோழையாக ஒழுகியிருக்கும். உடம்பில் பட்டிருந்தால் இலையில் இடுப்பு உயரத்தில் தடவியிருக்கும். இது காலில் பட்ட காயம். இழுத்துப் போனது காலும் இல்லை, கட்டை. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் மாட்டி, கம்பி கட்டியிருந்த கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. கட்டை எங்கே சிக்குமோ அங்கே நிற்கும். ஓடையில் பாறை இருந்தால் அங்கேதான் பார்க்கச் சொல்லுங்கள்.

முப்பதாம் நம்பர் பஸ், 8.50

சொல்லச் சொல்லுகிறீர்கள், சரி. நான் ஒரு தடவை (எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன்) செத்துக் கிடந்த கேளையாட்டை (சின்ன மான் வகை) பற்றிப் போய்ச் சொன்னேன். காலை பத்து மணிக்குப் போனவனை மாலை ஐந்து வரை பெஞ்சில் உட்கார வைத்து, உன் வீட்டில் கம்பி இருக்கிறதா, மைத்துனன் என்ன வேலை என்று கேட்டார்கள். சோறு கிடையாது. அதற்குப் பிறகு எதைக் கண்டாலும் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறேன், தப்பு என்று தெரிந்தும்தான்.

சோலைக்குருவி, 9.05

நீங்கள் சொல்வது நடக்கும், இல்லை என்று நான் மறுக்கப் போவதில்லை. அதனால்தான் போனில் சொல்லி, நேரத்தைக் குறித்து வையுங்கள் என்பேன். ஆனால் சொல்லாமல் இருந்து மாட்டினால் அது வேறு கதை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, காயப்படுத்துவது எல்லாம் அதற்குள் வரும். அந்தப் பையன்களோடு தேடப் போயிருந்தால் இவரும் அதில் ஒருவர்தான். செத்த மானும் அரசாங்கச் சொத்து, எப்படிக் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

நீலகிரிக்கு இது புதிதும் இல்லை. வெள்ளைக்காரர்கள் 1879-லேயே இந்த மலைக்கென்று தனியாக வேட்டைச் சட்டம் போட்டுவிட்டார்கள். மான் மேல் பாசம் என்று நினைக்க வேண்டாம், தங்களுக்குச் சுட மிச்சம் இல்லாமல் போய்விடுமே என்ற கவலை.

ஊசிக்காரர், 9.20

கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலை, டாக்டரோடு இந்த மாதிரி ஐந்தாறு தடவை காட்டுக்குள் போயிருக்கிறேன். விஸ்கான்சின் நண்பர் பொறுத்துப் போகச் சொன்னது அங்கே சரி, அது மான் சாவதற்காகக் காத்திருக்கும் கணக்கு. கம்பியில் மாட்டியதற்கு அந்தக் கணக்கு ஆகாது. கம்பி இறுகிய காலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும், ஒவ்வொரு மணி நேரமும் கால் செத்துக்கொண்டே வரும். அதனால் டாக்டர் சீக்கிரம் வர வேண்டும், மற்ற யாரும் கிட்டே போகக் கூடாது.

பயந்து திமிறுகிற மானுக்குத் தசையே உள்ளுக்குள் சிதைந்துவிடும், காயம் சின்னதாக இருந்தும் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ விழுந்து சாகும். சுற்றி நின்று வீடியோ எடுத்தே கொன்றிருக்கிறார்கள். கண்ணில் துணி போட்டு, பேச்சுச் சத்தம் இல்லாமல் வைத்தால் பிழைக்க வழி உண்டு. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். மயக்க ஊசி போட்டதும் உடனே விழாது, பத்து நிமிடம்கூட ஓடும். சரிவிலும் ஓடைத் தண்ணீரிலும் அதனால்தான் டாக்டர்கள் தயங்குவார்கள், வேண்டுமென்றே தாமதிக்கிறார்கள் என்று திட்ட வேண்டாம்.

பண்ணைக்காட்டான், 9.40

சரியாகச் சொன்னீர்கள். இங்கேயும் காலில் மட்டும் பட்ட மானைக் காத்திருக்காமல் விடாமல் துரத்து என்பார்கள் பலர், படுத்தால் ரத்தம் உறைந்து தடம் போய்விடும் என்று. அதையே நீங்கள் திருப்பிப் போட்டால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது: துரத்தாதே, படுக்கட்டும், ரத்தம் உறையட்டும்.

கொழுந்துக்காரன், இரவு 8.30

கை நடுங்குகிறது, குளிரால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

பதினொரு மணிக்கு இரண்டு காவலர்கள் வந்தார்கள். தூறலில் ரத்தம் முக்கால்வாசி போய்விட்டது, ஆனால் வாளிக்கு அடியில் தடம் அப்படியே இருந்தது, கட்டை இழுத்த கோட்டையும் மழையால் அழிக்க முடியவில்லை. அதைப் பிடித்தே போனார்கள். என்னை ஓடைக்கு இந்தப் பக்கமே நிற்கச் சொன்னார்கள். நானூறு அடிகூட இருக்காது, இரண்டு பாறைக்கு நடுவில் சீகை மரக் கட்டை சிக்கி, பெட்டை மான் மூன்று காலில் நின்றிருக்கிறது. சோலைக்குருவி அண்ணா சொன்ன மாதிரியே.

டாக்டர் வர இரண்டரை ஆகிவிட்டது. அதுவரை ஒருவர் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், பீடிகூடப் பற்ற வைக்கவில்லை. ஊசி போட்டதும் அது தண்ணீர்ப் பக்கம் சாய, நாலு பேர் ஓடித் தலையைத் தூக்கிப் பிடித்தார்கள், அப்போது என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். கடமானை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. காதுக்குப் பின்னால் உண்ணி, உடம்பெல்லாம் ஈர மண் வாடை. கம்பி பைக் கிளட்ச் கேபிள். குளம்புக்கு ஒரு சாண் மேலே எலும்பு தெரிய அறுத்திருக்கிறது, எலும்பு முறியவில்லை. வெட்டி எடுத்து, கழுவி, மருந்து போட்டு, மயக்கம் தெளிய இன்னொரு ஊசி. ஐந்து மணி வாக்கில் எழுந்தது, ஒரு தடவை தடுமாறியது, சோலைக்குள் போய்விட்டது. பிழைக்குமா என்று கேட்டேன். ஒரு வாரம் போகட்டும் என்றார் டாக்டர்.

என்னை யாரும் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை, பஸ் நண்பருக்காகச் சொல்கிறேன். கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்.

இன்னொன்று. போகிற வழியில் ஓரத்தைத் தேடியதில் மேலும் மூன்று கம்பி கிடைத்தது. ஒன்று எங்கள் வேலியிலேயே, அம்மா விறகுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில். காலையில் என்னைக் கூப்பிட்ட பையன்களில் ஒருவன் சாயங்காலம் எதிரே வந்தான், முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சம் எங்கே இருக்கும், எப்படித் தேடுவது?

சோலைக்குருவி, 8.55

காலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள், பனி காய்வதற்கு முன்னால். கம்பியில் நீர்த்துளி கோத்து நிற்கும், குனிந்து பார்த்தால் மின்னும். முழங்கால் உயரத்துக்குக் கீழேதான் இருக்கும். பாதையின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடியையோ சீகைக் கிளையையோ வெட்டி அடைத்து நடுவில் மட்டும் வழி விட்டிருந்தால் அந்த வழியில் கால் வைக்காதீர்கள். கம்பியைக் கண்டால் கழற்ற வேண்டாம், படம் எடுத்து இன்று வந்த காவலருக்கே அனுப்புங்கள். அம்மாவை இந்த வாரம் விறகுக்கு அனுப்பாதீர்கள்.