டர்பனுக்கு ரோலர்கோஸ்டர் வேண்டுமா, கடல் போதுமா?

சேட்ஸ்வர்த்காரன்:
அபுதாபியில் டிஸ்னி பார்க் வரப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள் அல்லவா, அன்றிலிருந்து தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாயில் வேறு ஊர்ப் பெயரே வருவதில்லை. ஃபெராரி வேர்ல்ட், வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட், சீவேர்ல்ட் எல்லாம் ஏற்கெனவே இருக்கிற அதே யாஸ் தீவுதான் இடம். நம் ஊரிலிருந்து துபாய்க்கு எமிரேட்ஸ் நேராகப் பறக்கிறது. அங்கிருந்து யாஸ் போகக் காரில் சுமார் ஒரு மணி நேரம்.

அப்படியிருக்க, டிசம்பரில் என்3 நெடுஞ்சாலையில் இறங்கி வருகிற ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) குடும்பம் இனி டர்பனுக்கு எதற்கு வரவேண்டும்? நம் கடற்கரைப் பொழுதுபோக்குப் பூங்கா யூஷாகா திறந்தது 2004-இல். அன்று அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. கப்பல் உடைந்து கிடப்பதுபோல் கட்டி, அதற்குள் மீன்காட்சி சாலை வைத்தார்கள். ஆனால் அன்று சறுக்குமரத்தில் சறுக்கிய பிள்ளை இன்று தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறான், அதே சறுக்குமரத்துக்கு.

அமெரிக்காவில் ஆர்லாண்டோவைப் பாருங்கள். 2010-இல் யுனிவர்சல் ஹாரி பாட்டர் பகுதியைத் திறந்தது. 2025 மே 22-இல் எபிக் யுனிவர்ஸ் என்று ஒரு முழுப் பார்க்கையே திறந்துவிட்டார்கள். டிஸ்னி சும்மா இருக்கவில்லை, பார்க்குகளுக்கும் கப்பல்களுக்குமாகப் பத்தாண்டில் 6,000 கோடி டாலர் போடப்போவதாக 2023-இலேயே சொல்லிவிட்டது. இவன் கட்டினால் அவன் கட்டுகிறான், ஊர் பிழைக்கிறது. மாநகராட்சி யூஷாகாவை இரட்டிப்பாக்க வேண்டும், நல்ல ரோலர்கோஸ்டர் குறைந்தது இரண்டு வேண்டும் என்பது என் கட்சி. யாருக்கு மறுப்பு?

பாயின்ட் ரோடு:
எனக்கு. ரத்தாங்கா ஜங்ஷன் பார்க் நினைவிருக்கிறதா, தம்பி? கேப் டவுனில் 1998-இல் அமர்க்களமாகத் திறந்தார்கள். கோப்ரா என்ற ரோலர்கோஸ்டர் ஊர் முழுக்கப் பேச்சு. போகப்போகப் பள்ளி விடுமுறையில் மட்டும் திறக்கிற நிலைமைக்கு வந்து, 2018 மே மாதம் இழுத்து மூடிவிட்டார்கள். சுற்றிலும் செஞ்சுரி சிட்டி என்ற புதுநகரம் வளர்ந்து, ரைடு நிற்கிற மண்ணுக்கு ரைடைவிட விலை கூடிவிட்டது. அவ்வளவுதான் கதை.

டர்பனுக்குக் கடவுள் இலவசமாகக் கொடுத்தது கடல். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று? கழிவுநீர் பம்புகள் சேதமாகி, தண்ணீரில் ஈ-கோலை கிருமி ஏறி, மாதக்கணக்கில் கடற்கரைகளை மூடி வைத்தார்கள். வந்தவன் மணலில் நின்று கடலை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான். பம்பைச் சரியாகப் பராமரிக்கக் காசு இல்லாத இடத்தில் ரோலர்கோஸ்டர் கேட்கிறீர்கள்.

சேட்ஸ்வர்த்காரன்:
அண்ணா, கேப் டவுனையும் நம் ஊரையும் ஒன்றாகப் போடாதீர்கள். அங்கே குளிர்காலம் முழுக்க மழை, யார் போய் ரைடில் ஏறுவது? இங்கே ஜூலையில்கூட வெயில், டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்துக்குப் பெண்கள் கையில்லாத உடை போட்டுக்கொண்டு வருகிறார்கள். வருஷம் முழுக்க ஓடக்கூடிய பார்க் இந்த நாட்டில் எங்காவது வரமுடியும் என்றால் அது இங்கேதான்.

லெனேசியா அக்கா:
கடல் கடல் என்று கடற்கரைக்காரர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. சன் சிட்டி என்ற உல்லாச விடுதியில் கடல் இருக்கிறதா? வறண்ட புதர்க்காடு. அங்கே மணல் கொட்டி, இயந்திரம் வைத்து அலை அடிக்க வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஜோபர்க்கிலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம்தான். டர்பன் என்றால் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஐந்து டோல் கேட், வான் ரீனென் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைய பொழுது போச்சு.

பிள்ளைகளுக்கு அங்கே எது பிடிக்கும் தெரியுமா? ரைடுகூட இல்லை. அந்தப் பெரிய பாலம். யானைச் சிலைகள் இரண்டு பக்கமும் நிற்கும், நடுவே நின்றால் திடீரென்று உறுமல் சத்தம், பாலம் ஆடும், பாறை இடுக்கிலிருந்து புகை வரும். பொய் நிலநடுக்கம். என் தங்கை மகன் அழுதுகொண்டே "இன்னொரு தடவை வரட்டும், நிற்கலாம்" என்று பிடித்த கம்பியை விடவில்லை. மறுநாள் காலையில் பக்கத்திலேயே பிலானஸ்பர்க் வனவிலங்குக் காடு, நிஜ யானை. டர்பனில் இப்படி ஒன்றையொன்று ஒட்டி என்ன இருக்கிறது?

இன்னொன்று. முதலில் சன் சிட்டி சூதாட்டக்காரர்கள் ஊர்தான். 1996-இல் சட்டம் மாறி நகரங்களுக்கு உள்ளேயே கசினோ வந்ததும், வெறும் சூதாட்டத்துக்காக அவ்வளவு தூரம் போகிறவன் குறைந்தான். அவர்கள் குடும்பங்களைப் பிடித்தார்கள். போட்டி வந்தபோது மாறத் தெரிந்தது. டர்பன் என்ன மாறியது?

பழைய ஓட்டல்காரர்:
எல்லோரும் பேசி முடியட்டும் என்று இருந்தேன், சன் சிட்டி பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். அதைக் கட்டிய சோல் கெர்ஸ்னர் தொடங்கியது எங்கே தெரியுமா பிள்ளைகளே? டர்பனில். கணக்காளராக இருந்தவர், இங்கே ஒரு சின்ன ஓட்டலை வாங்கினார். பிறகு 1964-இல், டர்பனுக்கு வடக்கே உம்லங்காவில் பெவர்லி ஹில்ஸ் ஓட்டல். அன்றைய உம்லங்கா இன்றைய உம்லங்கா இல்லை, பெரும்பாலும் கரும்புத் தோட்டம். அங்கே போய் ஐந்து நட்சத்திர ஓட்டலா என்று சிரித்தவர்கள் உண்டு.

அந்தக் காலத்து ஓட்டல்களில் தட்டு ஏந்தியவர்களில் நிறையப் பேர் நம் இந்திய வம்சாவளி ஆட்கள். பரிமாறலாம், தங்க முடியாது. எதிரே கடற்கரையில் வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை. அது போனது 1989 கடைசியில்தான். சன் சிட்டி 1979-இல் திறந்தபோது அது இருந்த போபுதட்ஸ்வானா, நிறவெறி அரசு கறுப்பினத்தவருக்கென்று பிரித்துவைத்த பகுதி, "தனி நாடு" என்ற கணக்கு, அதனால் சூதாட்டமும் செல்லும், எல்லா நிறத்தவரும் ஒரே குளத்தில் இறங்கலாம். அந்தப் பொய் நாட்டின் பெயரால் உலகக் கலைஞர்கள் பலர் அதைப் புறக்கணித்தார்கள், அது நியாயம். ஆனால் சொந்த ஊர்க் கடலில் காலை நனைக்க முடியாதவன் அவ்வளவு தூரம் காரோட்டிப் போய் அங்கே நீந்தியதும் நடந்தது. ஜோபர்க் பக்கத்து இந்தியர் பகுதியான லெனேசியாவில் சன் சிட்டி என்றால் ஏன் முகம் மலர்கிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதே மனிதர் 1998-இல் பஹாமாஸில் அட்லாண்டிஸ், 2008-இல் துபாயில் அட்லாண்டிஸ். இன்று நீங்கள் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிற வித்தை நம் கடற்கரையில் பழகிய வித்தை. அவர் எங்கும் ரைடை மட்டும் கட்டவில்லை. முதலில் அறை, பிறகு அறையில் இருப்பவன் வெளியே போகாதபடி தண்ணீர், மீன், சாப்பாடு. யூஷாகாவில் ஒரு கட்டில் உண்டா? மாலையில் கதவைச் சாத்தினால் வந்தவன் காசு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது.

பாயின்ட் ரோடு:
ஐயா, அடுத்த தெருவுக்குப் போனால் என்ன தவறு? அடுத்த தெருவும் டர்பன்தானே. ரொட்டிக்குள் கறி ஊற்றிப் பன்னி சாவ் விற்கிறவன், ரிக்‌ஷா இழுக்கிறவன், கடற்கரையோரம் சமூசா விற்கிறவள், அவர்களும் பிழைக்க வேண்டாமா?

பழைய ஓட்டல்காரர்:
தவறு என்று சொல்லவில்லை. பார்க் நடத்துகிறவன் கையில் அடுத்த ரைடு வாங்கக் காசு நிற்காது என்கிறேன். வால்ட் டிஸ்னியே அனுபவித்ததுதான் அது. 1955-இல் கலிபோர்னியாவில் திறந்த பார்க்குக்கு இடம் சின்னது. சுற்றிலும் மற்றவர்கள் மோட்டல் கட்டி அறுவடை செய்தார்கள். அதனால்தான் ஃப்ளோரிடாவில் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் ரகசியமாக 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிவிட்டு 1965-இல் வாயைத் திறந்தார். யூஷாகா மொத்தம் 16 ஹெக்டேர். தம்பி இரட்டிப்பாக்கச் சொல்கிறார், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் துறைமுகம். எந்தப் பக்கம்?

டிக்கெட் போடுபவள்:
பயண ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன், பெயர் வேண்டாம். பெரியவர் சொல்வதுதான் கவுன்டரிலும் நடக்கிறது. ஆர்லாண்டோ கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் விசா பேச்சிலேயே எழுந்துவிடுகிறார்கள். நேர்காணல், அதற்குக் காத்திருப்பு, ஜோபர்க் போய் அங்கிருந்து அட்லாண்டா, பிறகு இன்னொரு விமானம். அப்புறம் நாலு பேருக்கு ஒருநாள் பார்க் டிக்கெட்டை ராண்டில் மாற்றிச் சொன்னவுடன் அப்பா அம்மா முகத்தைப் பார்ப்பார், அம்மா சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்ப்பார்.

அவர்களில் பாதிப் பேர் மொரிஷியஸுக்குத் திரும்புகிறார்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஜோபர்க்கிலிருந்து நாலு மணி நேரம், சாப்பாடு முதல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது வரை ஒரே விலை. அங்கே ஒரு ரோலர்கோஸ்டரையும் காட்டி யாரையும் இழுக்கவில்லை. நம்மவர்களுக்கு முருகன் கோயில் வேறு. தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை என்றால் இங்கே பலர் நம்ப மாட்டார்கள்.

ஆகவே டர்பனுக்குப் போட்டி அபுதாபி இல்லை, மொரிஷியஸும் சன் சிட்டியும்தான். இது தெரிந்துதான் கிளப் மெட் என்ற விடுமுறை விடுதி நிறுவனத்தார், டர்பனுக்கு வடக்கே பாலிட்டோவையும் தாண்டி டின்லி மேனரைத் தேர்ந்தெடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் அவர்களுடைய முதல் விடுதி, 2026-க்கு என்று அறிவித்தது. கடற்கரை, கூடவே சஃபாரி.

பாயின்ட் ரோடு:
அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஒரே விலை, ஒரே கேட், உள்ளே இருப்பவன் வெளியே வரமாட்டான். புத்தாண்டு அன்று நார்த் பீச் பக்கம் வந்து பாருங்கள். க்வா-மாஷு புறநகரிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். இந்தியர் அதிகம் வாழும் பீனிக்ஸ் புறநகர்க்காரர்கள் விடியற்காலையிலேயே வந்து இடம் பிடித்து, பிரியாணிப் பானையைப் போர்வையில் சுற்றி மணலில் இறக்குவார்கள். பானை மூடியில் பாட்டி கை வைத்துக்கொண்டே இருப்பாள், மணல் விழுந்துவிடும் என்று. பிள்ளைகள் தொலைந்துபோகாமல் இருக்கக் கையில் அடையாளப் பட்டை கட்டிவிடுவார்கள். ஒரு டிக்கெட் கிடையாது. இந்த நாட்டின் மிகப் பெரிய தீம் பார்க் அதுதான், அதற்குக் கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும் கொடுக்க வக்கில்லை. மாநகராட்சிப் பணம் நம் வீட்டு வரி. அது முதலில் அங்கே போகட்டும்.

சேட்ஸ்வர்த்காரன்:
ஏழைகள் பெயரைச் சொல்லியே இந்த ஊரில் எதையும் கட்டாமல் விட்டாயிற்று, அண்ணா. கடற்கரையில் இருந்த ஃபன்வேர்ல்டு பார்க்கில் ரோப் கார் போகுமே, கடற்கரைக்கு மேலே, அது ஏழைகளும் ஏறியதுதான். இப்போது எங்கே? பம்பும் சரியாகவில்லை, ரோப் காரும் போயிற்று. ஒன்றை விட்டால் மற்றொன்று தானாக வந்துவிடும் என்று நினைப்பதற்கு ஆதாரம் என்ன? சேட்ஸ்வர்த்தில் பள்ளி முடித்த பையன்கள் வேலையில்லாமல் மதிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கழிப்பறை கட்டினால் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை கிடைக்கும்?

லெனேசியா அக்கா:
இது நியாயமான கேள்வி. ஜோபர்க்கில் கோல்ட் ரீஃப் சிட்டியில் கசினோ உரிமம் கேட்டவர்கள் தலையில் அருங்காட்சியகம் கட்டும் பொறுப்பும் விழுந்தது. அப்படித்தான் 2001-இல் நிறவெறி ஆட்சியைக் காட்டும் அபார்தைட் மியூசியம் வந்தது. கட்ட வருகிறவனிடம் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். பம்பும் கழிப்பறையும் நீயே போடு, பிறகு ரைடு போடு என்று டர்பன்காரர்கள் கேட்கலாமே?

பழைய ஓட்டல்காரர்:
அம்மா சொல்வதில் பொருள் இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், தம்பிக்காக. அபுதாபியில் டிஸ்னி தன் பணத்தைப் போடவில்லை. கட்டுவதும் நடத்துவதும் மிரால் என்ற அந்த ஊர் நிறுவனம். டிஸ்னி பெயரும் வரைபடமும் மேற்பார்வையும் கொடுத்து உரிமத்தொகை வாங்கிக்கொள்ளும். டோக்கியோவில் 1983 முதல் நடப்பதும் ஏறக்குறைய அதுதான், அங்கே ஓரியன்டல் லேண்ட் கம்பெனி. நஷ்டம் வந்தால் யார் தலையில் என்று பாருங்கள். அபுதாபிக்கு எண்ணெய் இருக்கிறது. யூஷாகாவுக்குப் பின்னால் இருப்பது நம் மின் பில்லும் தண்ணீர் பில்லும்.

சேட்ஸ்வர்த்காரன்:
அப்படியானால் மாநகராட்சி கட்ட வேண்டாம், இடத்தைக் கொடுக்கட்டும். துறைமுகத்தை ஒட்டிய பாயின்ட் பகுதியில் காலி மனைகள் எத்தனை வருஷமாகப் புல் முளைத்துக் கிடக்கின்றன? பக்கத்திலேயே புதிய கப்பல் முனையம். எம்எஸ்சி உல்லாசக் கப்பலில் மொசாம்பிக் போகிறவர்கள் யூஷாகாவைத் தாண்டித்தான் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள், ஒருநாள் முன்னால் வந்து தங்க அங்கேயே குடும்ப ஓட்டல் இருந்தால் தங்க மாட்டார்களா? ஓட்டலும் யூஷாகாவும் ஒரே டிக்கெட். வருகிறவன் கட்ட வேண்டிய முதல் தவணை அக்கா சொன்ன பம்பு. ரோலர்கோஸ்டரைப் பிறகு பேசிக்கொள்வோம், விடவில்லை.

பாயின்ட் ரோடு:
பம்பு முதல் தவணை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் எதிர்க்க மாட்டேன். ஆனால் நார்த் பீச் மணலில் ஒரு கம்பி வேலி நட்டாலும் வருவேன்.

டிக்கெட் போடுபவள்:
இந்த வாரம் கவுன்டரில் நாலைந்து பேராவது கேட்டது, யூஷாகாவுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஆறு பேருக்கு ஒரே அறை, சமையலறையோடு. நான் காட்ட முடிந்தது மெரைன் பரேடில் பழைய அடுக்குமாடி விடுமுறைக் குடியிருப்புகளை மட்டும்தான், அதிலும் டிசம்பர் 16-க்குப் பிறகு எதுவும் இல்லை. இரண்டு குடும்பங்கள் சன் சிட்டி டைம்ஷேர் (ஆண்டில் ஒரு வாரம் தங்கும் உரிமை) கேட்டுப் போய்விட்டன. லெனேசியா அக்கா, உங்களிடம் வாரம் எதுவும் மிச்சம் இருந்தால் தனியாகச் செய்தி அனுப்புங்கள், ஆள் இருக்கிறது.