பாங்காக்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஊரிலிருந்து தம்பிகள் வேலை கேட்டால்

வீடு பிடிப்பது, இந்தியக் கடைகள் இருக்கும் பாஹுரத்தில் பருப்பு வாங்குவது பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் வேறொன்று சொல்கிறேன்.

நீங்கள் இங்கே இருப்பது தெரிந்ததும் ஊரிலிருந்து யாராவது ஒரு ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணே, இது நல்ல கம்பெனியா?" என்று கேட்பார்கள். எனக்கு என் சித்தி மகன் அனுப்பினான். டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, டெலிகிராமில் இன்டர்வியூ, ஒரு டைப்பிங் டெஸ்ட், அவ்வளவுதான். டிக்கெட்டும் அவர்களே போடுவார்களாம். "ஏர்போர்ட்டிலிருந்து கார் எந்த ஊருக்குப் போகும் என்று கேள்" என்றேன். மே சோட் என்று பதில் வந்தது.

மே சோட் இங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவடி. அங்கே காவல் போட்ட வளாகங்களில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, போலிக் கணக்குகளில் அரட்டையடித்து வெளிநாட்டுக்காரர்களின் பணத்தைக் கறக்க வைக்கிறார்கள். மறுத்தால் அடி. வெளியே விட டாலரில் பணம் கேட்பார்கள், இல்லாவிட்டால் உன் நண்பர்களை வரவழை என்பார்கள். 2022 செப்டம்பரிலேயே இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அடுத்த மாதம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 13 பேர் மீண்டு சென்னை வந்தார்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் கொண்டுபோய்ச் சேர்த்தன.

மாட்டுகிறவர்களில் பலர் கம்ப்யூட்டர் தெரிந்த, படித்த பிள்ளைகள். பத்தாவது தேறியவருக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போக இந்திய அரசு தரும் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. தாய்லாந்துக்கு வேலைக்குப் போகும், பத்தாவது தேறாதவரின் காகிதத்தையாவது அந்த அனுமதியைத் தரும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பார்க்கும். பட்டதாரியை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளை அவனே கேட்கப் பழக வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க நம்மைவிட்டால் யார்?

நான் இப்போது ஊரில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகளோடு வீடியோ காலில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். உபதேசம் எல்லாம் இல்லை. ஒரு போலி ஆஃபர் லெட்டரைக் காட்டி, தப்பு எங்கே என்று அவர்களையே தேடச் சொல்கிறேன். ஏஜென்ட் பெயரை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அங்கேயே தேட வைக்கிறேன். ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டிக் கேட்கக் கூடாது என்று பலருக்குத் தெரியவே தெரியாது. இங்கே வேலை செய்ய நான்-பி என்ற வேலை விசாவும் வொர்க் பெர்மிட்டும் வேண்டும். "டூரிஸ்ட்டாக வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அங்கேயே போனை வைத்துவிட வேண்டும். சென்னையில் அரசு நடத்தும் ஒருநாள் பயணமுன் பயிற்சியையும் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கிளம்பிவிட்ட பிள்ளையாக இருந்தால், லைவ் லொகேஷன் வாங்கிக்கொள்ளுங்கள். கார் நகரத்தைத் தாண்டி வடக்கே போகிறது என்றால், பெட்ரோல் பங்கில் நிறுத்தும்போது இறங்கி ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். டூரிஸ்ட் போலீஸ் எண் 1155. ஆற்றைக் கடப்பதற்கு முன் இந்தியத் தூதரகத்துக்கும் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் தகவல் போய்விட வேண்டும். நள்ளிரவு என்றாலும் எனக்கு இங்கே தனிச்செய்தி போடுங்கள், போன் எண் தருகிறேன்.